மூச்சைத் திறப்பதா, காற்றைத் திணிப்பதா?

நம் இளைஞர்களிடையே காடிப் பிரியர்களுக்குப் பஞ்சமில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருடமாகி, கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்துவிட்டால் போதும், பேச்சு எஞ்சின் பக்கம் திரும்பிவிடும். அதிலும் ரோட்டரி எஞ்சின் பொருத்திய பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்-7, ஆர்.எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் தனி ரகம். அப்படி இரண்டு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறி ஆடை படியும் வரை ஒரே விவாதம்தான்: "டர்போ வைக்கலாமா, போர்ட் பண்ணலாமா?"

காடி விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே எஞ்சினின் பலத்தைக் கூட்டும் வழிகள். எஞ்சினுக்குக் காற்றுதான் மூச்சு. அதிகக் காற்று உள்ளே போனால், அதிக எண்ணெய் எரியும். அதிக பலம் கிடைக்கும். டர்போ என்பது, எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் புதிய காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது. போர்ட்டிங் என்பது, காற்று நுழையும் வாசலையே அறுத்து, தேய்த்துப் பெரிதாக்குவது.

"இது பட்டறை விஷயமாச்சே, இதுல தத்துவம் எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். அந்த மாமாக் கடைப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

"போர்ட் பண்ணா அது எஞ்சினோட சொந்த பலம்டா. டர்போ வச்சா இரவல் பலம்."

"டர்போ வச்சு ஓட்டுறதெல்லாம் ஏமாத்து வேலை."

சொந்தம், இரவல், ஏமாற்று. இவை அறம் பேசும் சொற்கள். குதிரைசக்தியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எந்த பலம் மரியாதைக்குரியது என்றுதான் அவர்கள் விவாதிக்கிறார்கள். நம் வாழ்க்கையிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஆகவே, காடியை வைத்தே இதை யோசித்துப் பார்ப்போம்.

வாசலே விதி

முதலில் இந்த எஞ்சினின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். வால்வுகள் திறந்து மூடும். ரோட்டரியில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் புடைத்த முக்கோணம் போன்ற ஒரு ரோட்டர், இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழல்கிறது. ரோட்டர் ஒரு முறை சுற்றி வருவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். ஆர்.எக்ஸ்-7, ஆர்.எக்ஸ்-8 ஆகியவற்றில் பரவலாக வந்த 13பி எஞ்சினில் இப்படி இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308 சிசிதான்.

வால்வு இல்லை என்றால் காற்று எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று யார் சொல்வது? கூட்டின் சுவரில் ஒரு துளை இருக்கிறது. அதுதான் போர்ட். ரோட்டர் சுழன்று வரும்போது அந்தத் துளையைத் தானே திறக்கும், தானே மூடும். துளை எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறதோ அதுதான் எஞ்சினின் நேரக் கணக்கு. மற்ற எஞ்சின்களில் கேம் தண்டைக் கழற்றி வேறொன்று போட்டு இந்தக் கணக்கை மாற்றலாம். ரோட்டரியில் அந்தக் கணக்கு இரும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை முழுதாகப் பிரித்து, இரும்பை அறுக்க வேண்டும்.

அறுப்பதிலும் படிகள் உண்டு. 'ஸ்ட்ரீட் போர்ட்' என்பது இருக்கிற வாசலை அளவோடு விரிப்பது. 'பிரிட்ஜ் போர்ட்' என்பது பழைய வாசலுக்கு அருகில் புருவம் போல இன்னொரு திறப்பை வெட்டுவது. இரண்டுக்கும் நடுவில் ஒல்லியான ஒரு பாலம் மட்டும் மிஞ்சும். 'பெரிஃபெரல் போர்ட்' என்பது பக்கச் சுவரை விட்டுவிட்டு, ரோட்டரின் முனைகள் உரசிச் செல்லும் வெளிச்சுற்றுச் சுவரிலேயே வாசல் வைப்பது. படி ஏற ஏற, உச்ச வேகத்தில் மூச்சு தாராளமாகும். கீழ் வேகத்தில் எஞ்சின் திணறும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சீராக ஓடாமல் "ப்ராப்... ப்ராப்... ப்ராப்" என்று துள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே பிரிட்ஜ் போர்ட் ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள்!

சொந்த பலமா, இரவல் பலமா?

இப்போது மாமாக் கடை வாதத்துக்கு வருவோம். டர்போ இரவல் பலமா?

டர்போவைச் சுழற்றுவது எது? எஞ்சின் வேண்டாம் என்று வெளியே எறிந்த புகை. ரோட்டரியில் புகை வாசல் சட்டென்று திறப்பதால், அந்தப் புகை அதிகச் சூட்டோடும் வேகத்தோடும் வெளியே பாய்கிறது. டர்போ இல்லாத காடியில் அந்தச் சக்தியில் பெரும்பகுதி குழாய் வழியே வீணாகப் போய்விடும். டர்போ அதைப் பிடித்து மீண்டும் வேலைக்கு அனுப்புகிறது. இதில் இரவல் எங்கே இருக்கிறது? நேற்று மிஞ்சிய சோற்றைப் பழைய சோறாக்கிக் காலையில் சாப்பிடும் பாட்டியை யாராவது இரவல் சோறு சாப்பிடுகிறார் என்று சொல்வோமா?

போர்ட்டிங் மட்டும் இயற்கையான பலமா? ஒருவர் கையில் அரைக்கும் கருவியை எடுத்து, தொழிற்சாலை வார்த்துக் கொடுத்த இரும்பைத் தன் கணக்குப்படி வெட்டுகிறார். அதுவும் வெளியிலிருந்து வந்த தலையீடுதான். சொல்லப்போனால், டர்போவைவிட ஆழமான தலையீடு.

ஆகவே 'சொந்தம், இரவல்' என்ற அளவுகோல் இங்கே உதவாது. பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எந்த பலமும் முழுக்கச் சொந்தமாக இருக்காது. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வரும் பிள்ளையின் காலிலும் அம்மா போட்ட சாப்பாடு இருக்கிறது, பயிற்றுநர் கொடுத்த நேரம் இருக்கிறது. வேறு அளவுகோல் வேண்டும்.

ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு பதில்கள்

இந்த விஷயத்தில் ரோட்டரியின் வரலாறே நல்ல ஆசிரியர்.

ரோட்டரி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல். அவரோடு சேர்ந்து அதை வளர்த்தது என்.எஸ்.யு நிறுவனம். 1961-இல் ஹிரோஷிமாவில் இருந்த தோயோ கோக்யோ நிறுவனம், அதாவது இன்றைய மாஸ்டா, அந்த எஞ்சினுக்கு உரிமம் வாங்கியது. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எஞ்சின் சில நூறு மணி நேரம்கூடத் தாங்காது என்று. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் மெல்லிய சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து கூட்டின் உட்சுவரில் கோடு கோடாகக் கீறிவிட்டன. பொறியாளர்கள் அதற்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அந்தக் கீறலோடு போராடினார்கள். 1967-இல் கோஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

நம் கேள்விக்குத் தேவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. என்.எஸ்.யு தன் எஞ்சினில் காற்று வாசலை வெளிச்சுற்றுச் சுவரில், அதாவது பெரிஃபெரல் முறையில் வைத்திருந்தது. வேகத்தில் அது நன்றாக மூச்சு விடும். மெதுவாகப் போகும்போது தடுமாறும். மாஸ்டா சாலைக் காடிக்காக அந்த வாசலைப் பக்கச் சுவருக்கு மாற்றியது. உச்ச பலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கடைவீதியில் மெதுவாக ஓட்டுபவருக்கும் அடங்கி நடக்கும் எஞ்சினாக அதைச் செய்தது. அதாவது போர்ட் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி, மாமாக் கடையில் பிறந்த கேள்வி அல்ல. அந்த எஞ்சின் பிறந்தபோதே கூடப் பிறந்த கேள்வி.

அடுத்து 1991-க்கு வருவோம். அந்த ஜூன் மாதம் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் 787பி வென்றது. ஒரு ஜப்பானிய நிறுவனம் அங்கே பெற்ற முதல் வெற்றி அது. நான்கு ரோட்டர்கள், சுமார் 700 குதிரைசக்தி, 362 சுற்றுகள். அந்த எஞ்சினில் டர்போ இல்லை. வாசல்கள் பெரிஃபெரல் முறையில் இருந்தன. சாலைக்கு வேண்டாம் என்று 1967-இல் ஒதுக்கிய அதே முறை, பந்தயத் திடலில் மகுடம் வாங்கிக் கொடுத்தது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த டர்போ பொருத்திய மெர்சிடிஸ் கடைசி சில மணி நேரத்தில் கோளாறாகி நின்றது. அது டர்போவின் குற்றமும் அல்ல. 24 மணி நேரம் ஓடுவது என்பது அப்படிப்பட்ட சோதனை.

"பாத்தீங்களா, போர்ட்டிங்தான் ஜெயிச்சுச்சு!" என்று குதிக்க வேண்டாம். அதே 1991-இன் இறுதியில் மாஸ்டா மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7-ஐ அறிமுகப்படுத்தியது. அதன் எஞ்சினில் ஒன்றுக்கு இரண்டு டர்போ! முதல் டர்போ கீழ் வேகத்திலேயே கைகொடுக்கும். 4500 சுற்று அளவில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். 255 குதிரைசக்தியில் தொடங்கிய அந்தக் காடி, பிறகு 280 வரை போனது. பின்னர் 2003-இல் ஆர்.எக்ஸ்-8 வந்தபோது மாஸ்டா டர்போவையும் விட்டுவிட்டது. புகை வாசலைப் பக்கச் சுவருக்கு மாற்றி, புகைக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற எஞ்சினைக் கொடுத்தது.

ஒரே நிறுவனம், ஒரே எஞ்சின் தத்துவம். பந்தயத்துக்கு ஒரு பதில், மலைச்சாலைக்கு ஒரு பதில், காலம் மாறியபோது இன்னொரு பதில். எந்த வழி உயர்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த பலம் எந்த வேலைக்கு என்று கேட்டார்கள்.

ஒரு நாள் புத்தியும், தினசரிப் புத்தியும்

வேலை எது என்று தெரிந்தால் மட்டும் போதுமா? ஓட்டுபவர் யார் என்றும் தெரிய வேண்டும். இங்கேதான் இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இருக்கிறது.

வெட்டிய இரும்பு திரும்பி வராது. பிரிட்ஜ் போர்ட் செய்த பக்கச் சுவரை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வேறு சுவர் தேடி வாங்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன காடிக்கு நல்ல நிலையில் உதிரிப்பாகம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ரோட்டரிக்காரர்களைக் கேளுங்கள். ஆனால் நல்ல கைகளால் வெட்டப்பட்ட போர்ட் ஒரு விதத்தில் நேர்மையானது. இன்று எப்படி நடந்துகொள்கிறதோ, நாளையும் அப்படியே நடந்துகொள்ளும். எண்ணெய் குடிக்கும், சத்தம் போடும், கீழ் வேகத்தில் முரண்டு பிடிக்கும். எல்லாம் முன்கூட்டியே தெரிந்த குணங்கள்.

டர்போவின் கதை நேர் எதிர். கழற்றி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அது ஒவ்வொரு நாளும் சோதிக்கும். காற்றை அழுத்தினால் சூடு ஏறும். சூடான காற்றும் போதாத எண்ணெயும் சேர்ந்தால், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும். சாதாரண எஞ்சின் அப்படிச் சில வெடிப்புகளைத் தாங்கிக்கொள்ளலாம். ரோட்டரியில் அந்த அடியை வாங்குவது வெறும் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள முனை சீல். அது உடைந்தால், துண்டுகள் கூட்டைக் கீறிக்கொண்டு புகை வாசல் வழியே வெளியேறும். போகிற போக்கில் டர்போவின் இறகுகளையும் பதம் பார்க்கும். இதெல்லாம் நடக்க ஒரு நொடி போதும்.

அழுத்தத்தை எவ்வளவு வைப்பது என்பது பெரும்பாலும் ஓட்டுபவர் கையில்தான். "இன்னும் கொஞ்சம் ஏத்துனா என்ன ஆகிடும்?" என்ற குரல் ஒவ்வொரு வாரமும் கேட்கும். பக்கத்து வழித்தடத்தில் ஒருவன் முறுக்கிக்கொண்டு போனால், அந்தக் குரல் இன்னும் சத்தமாகக் கேட்கும்.

சுருக்கமாகச் சொன்னால், போர்ட்டிங் ஒரே ஒரு நாள் புத்தி கேட்கிறது: வெட்டுவதற்கு முந்திய நாள். டர்போ தினமும் புத்தி கேட்கிறது. நீங்கள் எந்த வகை? முடிவெடுக்குமுன் நன்றாக யோசித்து, எடுத்த முடிவோடு பல வருடம் வாழக்கூடியவரா? அல்லது தினமும் கிடைக்கும் சுதந்திரத்தை அளவோடு பயன்படுத்தத் தெரிந்தவரா? இரண்டும் நல்ல குணங்கள்தான். எல்லோருக்கும் இரண்டும் இருப்பதில்லை. தனக்கு இல்லாத குணத்தைக் கேட்கும் பலத்தைத் தேடிப்போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு சீல் உடைந்தால்

"என் காசு, என் காடி. நான் ஆசைப்பட்டதைச் செய்யக்கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசைப்படுவது பாவமில்லை. ஒரு இயந்திரத்தை நேசித்து, அதன் சத்தத்தில் சிறு மாறுதல் வந்தாலும் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கவனம் வளர்த்துக்கொண்ட இளைஞரிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வேலை முடிந்து வந்து கை முழுக்கக் கருப்பு எண்ணெயோடு ராத்திரி பதினோரு மணி வரை கழற்றி மாட்டும் பொறுமையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் ரோட்டரியில் ஒரு விஷயம் உண்டு. ரோட்டரின் ஒவ்வொரு முனை சீலும் இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கிறது. ஒன்று உடைந்தால், ஒரு அறை மட்டும் கெடுவதில்லை; இரு பக்கமும் அழுத்தம் போய்விடும். நம் செலவுகளும் அப்படித்தான். காடி லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பா ஒரு பக்கம். அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு அண்ணனை நம்பியிருக்கும் தங்கச்சி இன்னொரு பக்கம். எஞ்சின் வெடித்த மாதம், 'என் காசு' என்ற வார்த்தையின் உண்மையான எல்லை தெரிந்துவிடும்.

பணம் மட்டுமல்ல. காலை ஐந்தரைக்குத் தாமானில் பிரிட்ஜ் போர்ட் காடியைச் சூடேற்றினால், இரவு வேலை முடிந்து அப்போதுதான் படுத்த தாதியின் தூக்கம் அந்தச் சத்தத்துக்கு விலையாகிறது. ஜே.பி.ஜே அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றினால் சம்மன் வரும் என்பது தெரிந்ததுதான். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மாற்றியிருந்தால், விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அப்போது நஷ்டப்படுவது நம்மை வந்து இடித்தவரோ, நாம் போய் இடித்தவரோ, அவர் குடும்பமோ. ராத்திரி நெடுஞ்சாலையில் பந்தயம் ஓடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பலத்தைச் சோதித்துப் பார்க்க 1999-இலிருந்து சிப்பாங் பந்தயத் திடல் இருக்கிறது. அங்கே நம்மோடு ஓடுபவர்கள் ஆபத்தைத் தெரிந்து வந்தவர்கள். நெடுஞ்சாலையில் பக்கத்தில் வரும் மோட்டார்சைக்கிள்காரருக்கு அது தெரியாது.

ஆகவே அறத்தின் கேள்வி, "எனக்கு உரிமை இருக்கிறதா?" என்பதோடு முடிவதில்லை. இந்த மகிழ்ச்சிக்கான பில் யார் பெயரில் வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

வள்ளுவர் கேட்கும் நான்கு

திருக்குறளின் 48-ஆவது அதிகாரம் வலியறிதல். மன்னர்களுக்காக எழுதப்பட்ட அதிகாரம் என்றாலும், பட்டறையில் மாட்டி வைக்கலாம். ஒரு காரியத்தில் இறங்குமுன் நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர்: செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, இருவருக்கும் துணையாக நிற்பவர்களின் வலிமை. நம் தம்பியின் கேள்விக்கு இதை அப்படியே பொருத்திப் பார்ப்போம்.

செயல்: காடி எதற்கு? தினமும் ஷா ஆலத்திலிருந்து கோலாலம்பூருக்கு நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போவதற்கா? அப்படியானால், பிரிட்ஜ் போர்ட் உங்களுக்கும் எஞ்சினுக்கும் தண்டனை. உச்ச வேகத்தில் கிடைக்கும் பலம் நெரிசலில் ஒருநாளும் வெளியே வராது. அளவான அழுத்தத்தில் வைத்த டர்போவோ, மிதமான ஸ்ட்ரீட் போர்ட்டோ அந்த வாழ்க்கைக்கு ஒத்துவரலாம். வருடத்தில் பல நாள் திடலில் மட்டும் ஓடும் காடி என்றால், பெரிய போர்ட்டின் நேரான, சீரான பலம் பொருத்தமாக இருக்கும்.

தன் வலிமை: இருக்கிற எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதா? சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தால், உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண கம்பிரஷன் மீட்டரை மாட்டினால், ரோட்டரின் மூன்று முகங்களில் எது பலமானதோ அதன் அளவை மட்டும்தான் அது காட்டும். பலவீனமான முகம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டுவதற்கு ரோட்டரிக்கென்றே கருவி இருக்கிறது. நாமும் நம்மை அளக்கும்போது நல்ல முகத்தை மட்டும்தானே அளக்கிறோம்? சம்பளத்தைக் கணக்கில் வைப்போம். கடன் அட்டை நிலுவையை மறந்துவிடுவோம்.

எதிரி: இங்கே எதிரி பக்கத்து வழித்தடத்துக்காரன் இல்லை. சூடு. ரோட்டரி இயல்பிலேயே சூடு தள்ளும் எஞ்சின். நம் ஊர் வெயிலில், நெரிசலில், குளிர்சாதனம் ஓட, ரேடியேட்டரும் ஆயில் கூலரும் தாக்குப்பிடிக்குமா? டர்போவுக்குச் செலவழிக்க இருக்கும் பணத்தில் முதல் பங்கு குளிர்ச்சிக்கும், எண்ணெய் விநியோகத்துக்கும், சரியான டியூனிங்கிற்கும் போக வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு டர்போ வாங்கக் காசில்லை என்றால், டர்போவுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

துணை: ரோட்டரியைத் திறந்து பார்த்த அனுபவமுள்ள ஃபோர்மேன் இருக்கிறாரா? "எல்லா எஞ்சினும் ஒண்ணுதான் தம்பி, குடு பாத்துக்கலாம்" என்று சொல்பவரிடம் கொடுக்கவே கூடாது. "இப்ப வேணாம் தம்பி, மொதல்ல இதைச் சரி பண்ணு" என்று சொல்லி, வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறாரே, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மயிலிறகைக்கூட அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று எச்சரிப்பதும் இதே அதிகாரம்தான். டர்போவில் கூட்டும் அழுத்தம் ஒவ்வொன்றும் ஒரு மயிலிறகு. கடைசி இறகும் மற்ற இறகுகளைப் போலத்தான் கனமற்று இருக்கும்.

நம்மையும் இப்படித்தான்

காடி இல்லாதவர்களும் இந்தக் கட்டுரையை இதுவரை படித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் நம்மை நாமே பலப்படுத்திக்கொள்ளும்போதும் இந்த இரண்டு வழிகள்தான் முன்னால் நிற்கின்றன.

சிலர் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். பகல் வேலை, இரவு பகுதிநேர வேலை, வார இறுதியில் படிப்பு. தூங்காமல் வீணாக்கிய நேரத்தையெல்லாம் பிடித்து வேலைக்கு அனுப்புகிறார்கள். அது பாராட்டத்தக்கது, பல குடும்பங்கள் அப்படித்தான் மேலே வந்திருக்கின்றன. ஆனால் டர்போ வைத்தவர் குளிர்ச்சியைக் கவனிக்க வேண்டும். தூக்கமும், சாப்பாடும், மனம் விட்டுப் பேச ஒரு நண்பரும் இல்லாமல் அழுத்தம் மட்டும் ஏறினால், உடைவது ஒரு நொடியில் நடந்துவிடும். உடைந்த பிறகு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்" என்று சொல்வோம்.

சிலர் வாசலை வெட்டுகிறார்கள். ஊரை விட்டு வெளிநாடு போவது, பாதுகாப்பான வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவது, படிப்பை மாற்றுவது. இவை திரும்பி வராத வெட்டுகள். இவற்றையும் செய்யத்தான் வேண்டும். செய்யாமல் பயந்தே வாழ்ந்தால், மூச்சு முட்டும். ஆனால் இந்த வெட்டு கோபத்தில் போடும் வெட்டாக இருக்கக்கூடாது. நல்ல ரோட்டரி ஃபோர்மேன் வெட்டுவதற்கு முன் வார்ப்புருவை வைத்துக் கோடு கீறி, இரண்டு முறை அளந்த பிறகுதான் கருவியை எடுப்பார்.

எந்த வழி என்று ஆத்திரப்பட்டுச் சண்டை போடும் நண்பர்களை அடுத்த முறை மாமாக் கடையில் பார்த்தால், நடுவில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "இந்த பலத்தை வச்சு என்ன செய்யப்போற? இது தினமும் புத்தி கேட்குமா, ஒரு நாள் புத்தி கேட்குமா, உன்கிட்ட எது இருக்கு? உடைஞ்சா யாரு கட்டுவாங்க?"

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால், டர்போவோ போர்ட்டோ, தாராளமாகச் செய்யட்டும். நாமும் போய் ஒரு சுற்று உட்கார்ந்து வரலாம். பதில் இல்லை என்றால், அவசரம் ஒன்றுமில்லை. நல்ல கருப்பு எண்ணெய் ஊற்றி, ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணி, கம்பிரஷனை முறையாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நன்றாக ஓடும் ரோட்டரியை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலேயே எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று.